அம்மப்பாவின் ரீலும் ஊஞ்சல் கணக்கும்

"அப்பா இப்பிடித் துள்ளித் துள்ளி நடக்கிற மனிசன் இல்லை."

அம்மா இதை முதலில் சொன்னது 2006இல். பெரியமாமா அம்மப்பாவின் எட்டு மில்லிமீற்றர் ரீல் ஒன்றைக் கனடாவுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக்கி அனுப்பியிருந்தார். படலையைத் திறந்துகொண்டு அம்மப்பா வளவுக்குள் நடந்து வருகிறார். வேட்டி படபடக்கிறது. யாரோ பின்னால் கலைப்பதுபோல ஒரு அவசரம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அம்மா சிரிக்கவில்லை. பழைய படம் என்றால் அப்படித்தான் என்று நான் சொல்லிவிட்டேன். அது பிழையான பதில் என்று விளங்க எனக்குப் பதினாறு வருடம் எடுத்தது.

அம்மப்பா மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் பென்சனோடு ஊருக்கு வந்தபோது சிங்கப்பூரில் வாங்கிய, சாவி கொடுத்து ஓட்டும் கமரா ஒன்றும் கூட வந்தது. கமரா எப்போதோ போய்விட்டது. மிஞ்சியது ஒரு பிஸ்கற் பேணியும் அதற்குள் மூன்று ரீல்களும். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு வீட்டை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது காணி உறுதிகளும் நகையும் கூட வந்தன, பேணி பரணிலேயே கிடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் கதவு நிலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பேணியை ஒருவரும் தொடவில்லை. எடுத்துப்போய் என்ன செய்வது? 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோச் செய்தி கேட்டோம்.

2022இல் மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாய் வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் பேணியைத் திறந்தேன். முதலில் வந்தது வினாகிரி மணம். இந்தப் படச்சுருள்களின் அடித்தளம் அசற்றேற்று என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக். வெக்கையிலும் ஈரத்திலும் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை விடும், வந்த அமிலம் சிதைவை இன்னும் கெதியாக்கும். ஒரு ரீலில் தொடங்கினால் பக்கத்து ரீலும் தப்பாது. ஆகவே முதல் வேலை மூன்றையும் பிரித்தது. ஒன்று களிபோல ஒட்டிக் கட்டியாகிவிட்டது, அதை இன்றுவரை நான் பிரிக்க முயலவில்லை. மற்ற இரண்டும் மணத்தன, ஆனால் வளைந்தன. வளைகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு.

அடுத்தது சுருக்கம். பழைய எட்டு மில்லிமீற்றர் படத்தில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 3.81 மில்லிமீற்றர். நூறு துளைக்கு 381 வரவேண்டும். மேசையில் இரும்பு அடிமட்டத்தை வைத்துப் படத்தைத் தட்டையாக நீட்டி அளந்தேன்: 378 அரை. ஏறக்குறைய 0.7 வீதம் சுருங்கியிருக்கிறது. புரொஜெக்டரின் பல்லில் மாட்டி இழுத்தால் துளை கிழியக்கூடிய எல்லைக்குக் கிட்ட. சுருங்காத படமாக இருந்தாலும் புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஐம்பது வருடம் உலர்ந்த படம் ஒரு இடத்தில் சிக்கி நின்றால், விளக்குச் சூட்டில் அந்தப் பிரேம் நடுவிலிருந்து குமிழ்விட்டு உருகும். எங்கள் மூன்றாவது ரீலின் தலைப்பில், அதாவது தொடக்கத் துண்டில், அப்படி உருகிய ஒரு பிரேம் இருக்கிறது. அது அம்மப்பாவின் காலத்திலேயே நடந்தது.

துப்புரவுக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் போனது. வாடைக்காற்று மாதங்களின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, வெள்ளைத் தூளாகப் படத்தின் ஓரமெல்லாம் ஏறியிருந்தது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது படத்துக்குள் அப்பிக்கொள்ளும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ரீல்களைத் தளர்த்திச் சுற்றி மூன்று கிழமை வைத்தேன். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் அடிக்கு அடி தட்டினேன். வீட்டுக்குள் இதைச் செய்யவேண்டாம், சுவாசத்துக்குக் கூடாது. அதன் பிறகுதான் 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல், கண்ணாடி துடைக்கும் மைக்ரோபைபர் துணி. துணியை நனைத்து, பிழிந்து, இரண்டு விரலுக்கிடையில் படத்தை மெதுவாக இழுப்பது. மருந்துக்கடைகளில் விற்கும் 70 வீதம் உதவாது, மிச்சம் முப்பதும் தண்ணீர். பூஞ்சணம் தின்ற இடத்தில், படத்தைப் பிடித்திருக்கும் ஜெலற்றின் பசை தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். தண்ணீர் பட்டால் படமே துணியோடு வந்துவிடும். படம் இல்லாத தலைப்புத் துண்டில் இதை நான் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். வந்தது.

பூஞ்சணம் தின்ற இடங்கள் தின்றவைதான். கிளை கிளையாகப் பிரிந்து, பாசி படர்ந்த கிணற்றுக்கட்டுப் போல அவை படத்தில் நிற்கின்றன. அவற்றைக் கணினியில் நிரவுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ரீலின் நடுவில் ஓர் ஒட்டு இருக்கும், முதலில் விடுவது அதுதான். இந்த வகைப் படம் கமராவுக்குள் போகும்போது 16 மில்லிமீற்றர் அகலம், 25 அடி நீளம். ஒரு பாதியில் எடுத்து முடித்ததும் சுருளை மறுபக்கம் மாற்றிப் போட்டு மற்றப் பாதியில் எடுப்பார்கள். கழுவிய இடத்தில் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒன்றோடு ஒன்றை ஒட்டி 50 அடியாகத் தருவார்கள். அந்தப் பசை காய்ந்து போயிருந்தது. எட்டு மில்லிமீற்றருக்கான ஒட்டுநாடாவால் ஒட்டினேன். சாதாரண செலோரேப் போட்டால் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் பிடிக்கும். அம்மப்பா ஒரு ரீலில் கணக்குத் தவறி மூன்றாம் தரமும் ஓடவிட்டிருக்கிறார். அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் புகையிலைத் தோட்டத்துக்குள்ளால் தேர் போகிறது. அதைக் கண்டதும் சின்னம்மா கும்பிட்டார்.

இனி படியெடுக்கும் பொறி. எட்டு மில்லிமீற்றர் படத்தின் ஒரு பிரேம் ஐந்து மில்லிமீற்றர் அகலம்கூட இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் உயர்தரக் கமராவில் உள்ள உணரி 6.3 மில்லிமீற்றர் அகலம். ஆகவே பெருப்பிக்கவும் வேண்டாம், சிறுப்பிக்கவும் வேண்டாம், ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று போதும். மூடிப்போன ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையிலிருந்து படம் பெருப்பிக்கும் என்லாஜரின் 50 மில்லிமீற்றர் வில்லை கிடைத்தது. ஒன்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் வில்லையிலிருந்து படத்துக்கும் 100 மில்லிமீற்றர், உணரிக்கும் 100 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். இடைக்குழாய் ஹாட்வெயார் கடையில் வாங்கிய பிவிசி பைப். உள்ளே மினுங்காத கறுப்புப் பெயின்ற் அடிக்காவிட்டால் வெளிச்சம் பட்டுத் தெறித்து, கறுப்பெல்லாம் சாம்பலாக வரும். நான் முதலில் அடிக்கவில்லை.

பின்வெளிச்சத்துக்குப் பெயர்ப்பலகை செய்பவரிடம் பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். முதலில் வீட்டில் கிடந்த எல்ஈடி பல்பைப் போட்டேன். எல்லோருடைய முகமும் பச்சை. நிறத்தைச் சரியாகக் காட்டும் 95 சுட்டெண் எல்ஈடி வாங்கிப் போட்டபிறகுதான் அம்மம்மாவின் சேலை அரக்காக வந்தது. இந்த ரீல்கள் கொடாக்குரோம் என்ற கொடாக்கின் கலர்ப் படச்சுருள். அதன் சாயம் படத்தில் முதலே இருப்பதில்லை, கழுவும்போதுதான் ஏற்றுவார்கள். ஊர் ஸ்ரூடியோவால் முடியாத வேலை. தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிழமைக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். உலகில் அதைக் கழுவிய கடைசி ஆய்கூடம் 2010 முடிவோடு நிறுத்திவிட்டது. ஆனால் இருட்டில் கிடந்தால் இவ்வளவு நிறம் போகாத படம் வேறில்லை. பேணி செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

படத்தை நகர்த்துவதற்குப் பல்சில்லுப் போடவில்லை. பழைய பிரிண்டரின் இறப்பர் உருளையை, படிப்படியாகச் சுற்றும் ஸ்ரெப்பர் மோட்டரில் பூட்டினேன். உருளை வழுக்கும், பிரேம் மேலும் கீழும் அலையும். பரவாயில்லை. ஒவ்வொரு படத்திலும் துளை எங்கே நிற்கிறது என்று பைதனில் சிறு நிரல் ஒன்று கண்டுபிடித்து, அதை வைத்துப் பிரேமை நேராக்குகிறது. இந்த வகையில் துளை இரண்டு பிரேமுக்கு நடுவே வரும். 1965இல் வந்த சூப்பர் எட்டில் பிரேமின் பக்கத்து நடுவில் வரும். உங்கள் வீட்டு ரீல் எது என்று தெரியாவிட்டால் வெளிச்சத்தில் பிடித்து இதைப் பார்த்தாலே போதும். நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியும் தாழ்வார நிழலும் ஒரே பிரேமில் வருவதால், ஒவ்வொன்றையும் மூன்று வெளிச்சத்தில் எடுத்தேன். ஒரு ரீலில் 4000 பிரேம், 12,000 படம், மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம். முதல் தரம் 2,900இல் கரண்ட் போனது. இரண்டாம் தரம் கார் பற்றறி பூட்டினேன்.

எந்த வருடம் என்பதற்கு விளிம்பைப் பார்க்கவேண்டும். கொடாக் தன் படத்தின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் அடிக்கும். தயாரித்த வருடத்துக்கு ஒரு சேர்க்கை. இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். எங்களுடையது 1949 அல்லது 1969. முடிவு சொன்னது இரண்டாவது ரீலில் காரின் யன்னலால் எடுத்த 22 பிரேம். ஒன்றரை வினாடிகூட இல்லை. வெள்ளைக் குவிமாடத்தோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் வலமிருந்து இடமாகப் போகிறது. அந்தக் கட்டடம் திறந்தது 1959இல், எரித்தது 1981இல். ஆகவே 1969. வாங்கி, வந்து சேர்ந்து, எடுத்தது 1970 சித்திரையாக இருக்கலாம். ஊஞ்சலில் இருக்கும் அம்மாவுக்கு அப்போது பதினாலு.

அந்த ஊஞ்சல்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

பிரேம்கள் கைக்கு வந்தாயிற்று. வினாடிக்கு எத்தனை என்று ஓட்டுவது? கமரா இல்லை, அதன் குமிழில் எந்த எண் இருந்தது என்பதும் இல்லை. வழக்கமாகப் பதினாறு என்பார்கள். சாவி கொடுத்த கமரா அச்சாகப் பதினாறில் ஓடாது. கென்னடி சுடப்பட்டதை 1963இல் எட்டு மில்லிமீற்றரில் பிடித்த ஆப்ரகாம் சப்ருடரின் கமராவை எஃப்பிஐ சோதித்துத்தான் வினாடிக்குச் சராசரி 18.3 என்று கண்டது. எங்களிடம் சோதிக்கக் கமரா இல்லை. ஆனால் படத்துக்குள் ஒரு மணிக்கூடு இருந்தது.

ஊசலின் ஆட்டக் காலம் அதன் நீளத்தைப் பொறுத்தது. யார் இருந்தாலும், எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் பெரிதாக மாறாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஊஞ்சல் கட்டிய பனை வளை இன்னும் தாழ்வாரத்தில் இருக்கிறது, இரண்டு கொளுக்கிகளும் துருவோடு அதிலேயே. நிலத்திலிருந்து கொளுக்கிக்கு 9 அடி 4 அங்குலம், அதாவது 284 சென்ரிமீற்றர். படத்தில் பலகை நிற்கும் மட்டம் திண்ணை விளிம்புக்குச் சரி. திண்ணை 45 சென்ரிமீற்றர். மிச்சம் 2.39 மீற்றர். பலகையில் பிள்ளை இருக்கும்போது ஈர்ப்பு மையம் பலகைக்கு ஒரு சாண் மேலே போகும், ஆகவே கிட்டத்தட்ட 2.19. அதன்படி ஓர் ஆட்டம், போய்த் திரும்பி வர, ஏறக்குறைய மூன்று வினாடி.

கணக்கை நம்பாமல் அதே கொளுக்கியில் கயிறு கட்டி, அதே உயரத்தில் பலகை போட்டு, மகளை இருத்தினேன். "உழக்கக் கூடாது பிள்ளை, சும்மா இரு." சும்மா இருப்பதுதான் கஷ்டம். நாலாவது முயற்சியில் பத்து ஆட்டத்துக்கு 30.2 வினாடி. அம்மா விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, "அந்தப் பலகை இன்னும் அகலம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பிரேம் எண்ணினேன். ஊஞ்சல் காட்சியில் ஏழு ஆட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றும் எடுத்த பிரேம்: 48, 48, 48, 47, 46, 44, 42. முதல் மூன்றையும் 3.02ஆல் வகுத்தால் வினாடிக்கு 15.9. பதினாறு சரி. பின்னுக்கு எண் குறைவது அம்மாவின் ஊஞ்சல் அல்ல, கமராவின் சாவி இறங்குவது. அம்மப்பா சாவியைக் கடைசிச் சுற்றுவரை ஓடவிட்டிருக்கிறார்.

டிவிடியில் ஏன் துள்ளினார் என்பதும் இப்போது விளங்கியது. வட அமெரிக்க வீடியோ வினாடிக்கு 60 அரைப்படங்களைக் கீறும். அங்கே படியெடுப்பவர்கள் புரொஜெக்டரை வினாடிக்கு இருபதில் ஓட்டுவார்கள். புரொஜெக்டருக்குள் வெளிச்சத்தை மறைத்துத் திறக்கும் மூன்று இதழ் மூடி இருபது தரம் சுற்றினால் 60. மினுக்கம் வராது. பதினாறில் எடுத்ததை இருபதில் ஓட்டினால் எல்லாம் கால்வாசி வேகம் கூட. மூன்று வினாடி ஊஞ்சல் 2.4இல் ஆடும். பெரியமாமா கனடாவில் இல்லாமல் லண்டனில் இருந்திருந்தால், அங்கே 50க்குப் பொருந்தப் பதினாறும் மூன்றில் இரண்டுமாக ஓட்டியிருப்பார்கள், அம்மப்பாவும் ஏறக்குறைய அம்மப்பாவாக நடந்திருப்பார்.

பிரேம்களை அப்படியே எஃப்எஃப்வி1 முறையில், ஒன்றும் இழக்காமல், வினாடிக்குப் பதினாறாக ஒரு மூலப்பிரதி செய்தேன். வெட்டவில்லை. படம் தொடங்கும் இடத்துச் செம்மஞ்சள் வெளிச்சக் கசிவு, நிலத்தைப் பார்த்தபடி ஓடிய ஐந்து வினாடி, எல்லாம் இருக்கின்றன. பார்ப்பதற்கான பிரதியை 24இல் செய்தேன்: ஒவ்வொரு இரண்டாவது பிரேமையும் இருமுறை காட்டினால் பதினாறு கச்சிதமாக 24 ஆகும். மாமாவின் மகன் செயற்கை நுண்ணறிவில் போட்டு 60 பிரேமாக்கி அனுப்பினான். வழுவழுப்பாக இருந்தது. ஊஞ்சல் சங்கிலி அம்மாவின் விரலுக்குள் உருகிப் போய் வெளியே வந்தது. அவனிடம் "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு அழித்துவிட்டேன்.

எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய படத்தில் குசினி இல்லை. ஒரு வினாடிகூட இல்லை. அக்காலக் கொடாக்குரோம் வெளிச்சத்தை உணரும் வேகம் ஏஎஸ்ஏ 25தான், மிகக் குறைவு, உச்சி வெயில் இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது. அம்மம்மா நாளில் பாதியைக் கழித்த அடுப்படி இருட்டு. ஆகவே எங்கள் வீட்டின் 1970 முழுக்க முற்றத்திலும் கிணற்றடியிலும் நடக்கிறது: கைவிசேஷம் வாங்க நிற்கும் வரிசை, போர்த்தேங்காய், வேலி மாற்றக் கிடுகு பின்னும் இரண்டு பெண்கள், புகையிலைக்கு இறைப்பு. துலா மிதிப்பவர் மேலே போய்வர, பட்டை இறங்கி ஏறி வாய்க்காலில் கவிழ்கிறது. அம்மப்பா இதை ஏன் இவ்வளவு நேரம் எடுத்தார் என்று தெரியவில்லை. அடுத்த வருடமே வோட்டர் பம்ப் வந்துவிட்டதாக அம்மா சொன்னார். கொண்டாட்டத்துக்கு நின்ற எல்லோரின் பெயரையும் அம்மாவும் சின்னம்மாவும் மாறி மாறிச் சொன்னார்கள். கிடுகு பின்னிய பெண்களின் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. துலா மிதித்தவரை மட்டும், அவருடைய மகன் சந்திக்கு அப்பால் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் ரப்லெற்றைக் கொண்டு போனேன். அறுபத்தைந்து வயது இருக்கும். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். துலாவில் இருக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இறைப்பு முடிந்து அவர் தகப்பன் இறங்கி வாய்க்கால் வரம்பால் நடந்து வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார்.

"இடது காலை இழுக்கிறார், பாத்தியளே தம்பி. மரத்தால விழுந்தது. அப்பு கடைசிவரைக்கும் அப்பிடித்தான்."

நான் அந்தக் காட்சியை நூறு தரத்துக்கு மேல் பார்த்திருப்பேன். டிவிடியில் அவரும் மற்றவர்களைப்போலத் துள்ளித்தான் போனார். பதினாறில் பார்த்தபோதும் நான் துலாவைப் பார்த்தேனே தவிர அவருடைய காலைப் பார்க்கவில்லை.

அவருடைய போனில் மூலப்பிரதி ஓடவில்லை. 24 பிரேம் பிரதியை எம்பி4 ஆக்கி அனுப்பினேன். வாட்சப்பில் அனுப்பினால் நசுக்கிவிடும் என்று மெமரி காட்டில் போட்டுக் கொடுத்தேன். ரீல்கள் இப்போது பேணியில் இல்லை. காற்றுப் போகும் கடதாசி மட்டைப் பெட்டிகளில், அலுமாரியின் நடுத்தட்டில், ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. கட்டியாகிப் போன மூன்றாவதும் தனியே அங்கேதான். அதன் தலைப்பில் பென்சிலால் எழுதியிருப்பது ஓரளவு வாசிக்க வருகிறது: "மழை".